இரண்டு சாட்சிகள் இல்லாமல் தீர்ப்பு வேண்டாம்

பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கவனக்குறைபாட்டை மருத்துவர் எவ்வாறு கண்டறிகிறார்?



விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பகுதியில் ஒரு வீட்டை உங்கள் மனக்கண் முன் கொண்டுவாருங்கள். வீட்டின் தலைவர் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் சூளை வேலை பார்க்கிறார். மஃரிப் தொழுதுவிட்டு அவர் வீடு திரும்பும்போது மதரஸா ஹஜ்ரத் வாசலில் காத்திருக்கிறார்.

"பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வரி ஓதிக் கொடுப்பதற்குள் உங்கள் பையன் நான்கு முறை எழுந்து ஓடிவிடுகிறான். பக்கத்துப் பிள்ளையின் தொப்பியைப் பறிக்கிறான். ஆனால் மந்த புத்தி என்றும் சொல்ல முடியவில்லை. காதால் கேட்ட சூராவை அப்படியே ஒப்பிக்கிறான். எனக்கே விளங்கவில்லை" என்கிறார் அவர். அன்று காலையில்தான் பள்ளிக்கூட ஆசிரியையும் ஏறக்குறைய இதையே தாயாரிடம் சொல்லியிருந்தார்.

இரவு உணவின்போது அந்த வீட்டில் விவாதம் எழுகிறது. "பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது, ஓதி ஊதுங்கள்" என்கிறார் பாட்டி. "முதுகில் நான்கு வைத்தால் எல்லாம் சரியாகும்" என்கிறார் சாச்சா. கல்லூரியில் படிக்கும் அக்காவோ, "இது ஏ.டி.எச்.டி.தான், செல்பேசியில் ஒரு நிமிடப் படம் பார்த்தேன், அப்படியே இவனேதான்" என்கிறாள். அத்தா மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த வயதில் தானும் அப்படித்தான் இருந்தோம் என்பது அவருக்கு நினைவு வருகிறது. இன்றும் சாவியை எங்கே வைத்தோம், சூளையை எத்தனை மணிக்குப் பார்க்கச் சொன்னார்கள் என்பதையெல்லாம் மறந்துவிட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்குகிறவர் அவர்.

இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதா? உங்கள் தெருவிலேயே, ஏன், உங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கலாம். ஒரே இரவில் ஒரு சிறுவனின் மீது மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிட்டன. மூன்றுமே விசாரணையின்றி வழங்கப்பட்டவை. வழக்கு ஒன்று வந்தால் இரு தரப்பையும் கேளாமல், சாட்சிகளை விசாரியாமல் காஜியார் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதை நாம் அறிவோம். பத்து ரூபாய்க் கடனுக்குச் சாட்சி கேட்கும் நாம், ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்போது மட்டும் சாட்சி கேட்க மறந்துவிடுகிறோம். மருத்துவ உலகம் இந்தக் குறைபாட்டைக் கண்டறியும் முறையோ முழுக்க முழுக்கச் சாட்சியத்தின் மீதே நிற்கிறது. அந்த முறையை எளிய தமிழில் உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் மாறிய வரலாறு

கவனக்குறைபாடும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த இந்நிலையை மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்று குறிப்பிடுகிறார்கள். இது செல்பேசி வந்த பிறகு பிறந்த நோய் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் என்பவர் 1902ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிள்ளைகளைப் பற்றி மருத்துவர் சபையில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத பிள்ளைகள் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாமல் தவிப்பதை அவர் விவரித்தார். ஆனால் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அவரும் பெயரிட்டார். நம் வீட்டுச் சாச்சாவின் தீர்ப்புக்கும் அதற்கும் பெரிய தொலைவு இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1968இல் இதனைக் குழந்தைப் பருவத்து மிகையியக்கம் என்று அழைத்தது. 1980இல்தான் கவனக்குறை என்பது பெயரிலேயே இடம்பெற்றது. இன்றைய பெயர் 1987இல் வந்தது. அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுப் பதிப்பு கூறியது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வரம்பை 12 வயதாக உயர்த்தியதோடு, பெரியவர்களுக்கும் தனி அளவுகோலைத் தந்தது. பெயர்கள் மாறிய இந்த வழியெங்கும் ஒரு மாற்றத்தை நாம் காணலாம். பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பார்வை படிப்படியாக விலகி, அவனது மூளை வளரும் விதத்தைப் புரிந்துகொள்ளும் பார்வை வந்திருக்கிறது.

உலக அளவில் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இக்குறைபாடு இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நம் தமிழகத்தில் கோவை மாவட்டத்துப் பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு 11.32 விழுக்காடு என்று கூறியது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் வினாத்தாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. வினாத்தாளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எண்ணிக்கை உயர்ந்து வருவது வழக்கம். அதனால்தான் வினாத்தாளோடு மருத்துவர் நிறுத்திக்கொள்வதில்லை. எப்படிக் கணக்கிட்டாலும் 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் குறைந்தது இருவரேனும் இப்படி இருக்கக்கூடும் என்பது தெளிவு. அவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?

எவற்றை எண்ணுகிறார்கள்?

ரத்தத்தை எடுத்துப் பார்த்தோ, மூளையைப் படம் பிடித்தோ இக்குறைபாடு உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய்க்கு இருப்பது போன்ற ஒற்றை எண் இதற்கு இல்லை. மருத்துவர் எண்ணுவது அறிகுறிகளை.

கவனம் சார்ந்தவை 9. எழுதும்போது அலட்சியப் பிழைகள், ஒரே வேலையில் நிலைக்க இயலாமை, நேரே பேசினாலும் கேளாதவன் போல் இருத்தல், தொடங்கியதை முடிக்காமல் விடுதல், ஒழுங்குபடுத்தத் தெரியாமை, மூளைக்கு வேலை தரும் பாடங்களைத் தட்டிக் கழித்தல், பொருள்களைத் தொலைத்தல், சிறு ஓசைக்கும் கவனம் சிதறுதல், அன்றாடக் காரியங்களில் மறதி ஆகியன அவை. துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்தவை 9. கை கால்களை ஆட்டிக்கொண்டே இருத்தல், இடத்தை விட்டு எழுந்து போதல், ஏறக் கூடாத இடத்தில் ஏறுதல், அமைதியாக விளையாட இயலாமை, விசை முடுக்கியது போல் ஓயாமல் இயங்குதல், மிகுதியான பேச்சு, கேள்வி முடியுமுன்னே விடை சொல்லுதல், தன் முறைக்குக் காத்திருக்க முடியாமை, பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கிடுதல் என்பன அவை.

இவற்றைப் படித்தவுடன், "என் பிள்ளையிடமும் மூன்று நான்கு இருக்கின்றனவே!" என்று திடுக்கிடாதீர்கள். எந்தக் குழந்தையிடம்தான் இல்லை? ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது 6 அறிகுறிகள் இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 போதும். அவை குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும். அவன் வயதுப் பிள்ளைகளிடம் காணப்படுவதைவிட மிகுதியாக இருக்க வேண்டும். சில அறிகுறிகளேனும் 12 வயதுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும். அவற்றால் படிப்போ, நட்போ, குடும்ப வாழ்வோ உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, குறைந்தது இரண்டு இடங்களில் அவை காணப்பட வேண்டும்.

ஏன் இரண்டு இடம்?

இந்த இறுதி நிபந்தனையில்தான் முழு முறையின் நியாயமும் அடங்கியிருக்கிறது. ஒரு பிள்ளை வீட்டில் மட்டும் அடங்காமல் இருந்து, பள்ளியில் ஒழுங்காக இருந்தால், கோளாறு வீட்டுச் சூழலில் இருக்கலாம். பள்ளியில் மட்டும் தவித்தால், பாடம் புரியவில்லையோ, கரும்பலகை தெரியவில்லையோ, யாரேனும் அவனைத் துன்புறுத்துகிறார்களோ என்று பார்க்க வேண்டும். வீடு, பள்ளி, மதரஸா, விளையாட்டுத் திடல் என்று எங்கே சென்றாலும் ஒரே வகைத் தவிப்பு அவனைப் பின்தொடருமாயின், அப்போதுதான் அது அவனுள்ளிருந்து வருவது என்று கருத இடமுண்டு.

ஆகவே மருத்துவர் தாய் தந்தையரிடம் ஒரு வினாத்தாளும், ஆசிரியரிடம் இன்னொரு வினாத்தாளும் நிரப்பித் தரச் சொல்வார். கானர்ஸ் அளவுகோல், வாண்டர்பில்ட் அளவுகோல் என்பன பரவலாகப் பயன்படுபவை. வாண்டர்பில்ட் வினாத்தாளில் பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. 'ஒருபோதும் இல்லை' என்பது முதல் 'மிக அடிக்கடி' என்பது வரை நான்கு நிலைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அம்மாவும் அத்தாவும் தனித்தனியே நிரப்புவது நல்லது. இருவர் விடையும் வேறுபட்டால் வெட்கப்படத் தேவையில்லை. அந்த வேறுபாடே மருத்துவருக்கு ஒரு செய்தி.

நம் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பள்ளி ஆசிரியரோடு மதரஸா ஹஜ்ரத்தும் நாள்தோறும் ஒரு மணி நேரம் அவர்களைக் கூர்ந்து பார்க்கிறார். மங்கலம்பேட்டையாயினும், லால்பேட்டையாயினும், நல்லூராயினும் இந்த மூன்றாவது சாட்சி நம்மிடம் இருக்கிறார். ஹஜ்ரத் தம் கையால் பத்து வரி எழுதித் தந்தால் அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். நம் கதையில் வரும் ஹஜ்ரத் சொன்ன சொற்களைத் திரும்பப் பாருங்கள். எழுந்து ஓடுகிறான் என்றார், பறிக்கிறான் என்றார், ஆனால் கேட்டதை ஒப்பிக்கிறான் என்றும் சொன்னார். குறையையும் நிறையையும் ஒருங்கே சொன்ன நேர்மையான சாட்சியம் அது.

"செல்பேசியில் மூன்று மணி நேரம் அசையாமல் விளையாடுகிறானே, அவனுக்கா கவனக்குறை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இக்குறைபாடு உள்ளவரிடம் கவனமே இல்லை என்பதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து மீட்கவும் அவர்களால் இயலவில்லை. நொடிக்கு நொடி வெற்றியும் வண்ணமும் தரும் விளையாட்டு அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாய்ப்பாடு அப்படிப் பிடித்து வைப்பதில்லை. இதே காரணத்தால்தான், ஓயாமல் ஓடும் பிள்ளை மருத்துவர் அறையில் சாதுவாக உட்கார்ந்துவிடுவதும் உண்டு. இடம் புதிது, ஆள் புதிது, அவனோடு ஒருவர் மட்டும் பேசுகிறார். மருத்துவர் தம் கண்ணால் கண்டதை மட்டும் நம்பாமல் உங்கள் சாட்சியைக் கேட்பதன் காரணம் இப்போது விளங்கும்.

வேறு காரணம் இருக்கக் கூடாதா?

சாட்சிகளைக் கேட்ட பிறகும் மருத்துவர் உடனே முடிவு கூறுவதில்லை. இதே தோற்றத்தைத் தரக்கூடிய வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். காது சரியாகக் கேட்காத பிள்ளை, 'சொன்னதைக் கேளாதவன்' என்று பெயரெடுக்கும். கண் பார்வை மங்கிய பிள்ளை பாடத்தில் நிலைக்காது. மூக்கடைப்பால் இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சிடுசிடுத்துத் துள்ளும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பு நோய் உண்டு. அதைப் பகற்கனவு என்று நாம் நினைத்துவிடுவோம். ரத்தச் சோகை, தைராய்டுக் கோளாறு ஆகியனவும் கவனத்தைக் கெடுக்கும். எழுத்தைப் படிப்பதிலோ கணக்கிலோ தனிக் குறைபாடு இருந்தாலும் பிள்ளை பாடத்தை விட்டு ஓடும். இதற்காகத்தான் பினே காமத் போன்ற நுண்ணறிவுச் சோதனைகளையும், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்கான சோதனைகளையும் உளவியலாளர் நடத்துகிறார்.

இங்கே இன்னொரு செய்தியை நம் இல்லத்தரசிகளின் சிறப்புக் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஈயம் என்ற உலோகம் சிறு அளவில் உடலில் சேர்ந்தாலும் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கவனத்தையும் பாதிக்கும். ஆபத்தில்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. கண்ணுக்கு இடும் சுருமாக்களில் பல ஈயம் கலந்த கல்லிலிருந்து செய்யப்படுபவை. நபிவழியில் சொல்லப்பட்ட இத்மித் என்ற பெயரை உறையில் அச்சிட்டுவிட்டால் மட்டும் உள்ளே இருப்பது அதுவாகிவிடாது. பிறந்த குழந்தையின் கண்ணில் விவரம் தெரியாத சுருமாவை இடுவதை விட்டுவிடுங்கள். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சுவர்களின் உதிரும் பூச்சு குழந்தையின் வாய்க்குப் போகாமல் பாருங்கள். பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பது உலகின் பல பகுதிகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆதலால் பூச்சுத் தொட்டியருகே வேலை செய்வோர், எந்த ஊராயினும், கைகால் கழுவி உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது நல்ல பழக்கம். மருத்துவர் உங்கள் தொழிலைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஐயமிருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்வார்.

அடுத்து வயது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஆவணங்களை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அங்கே ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரே வகுப்பில் சேர்வார்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு இக்குறைபாடு இருப்பதாக முடிவு செய்யப்படுவது 30 விழுக்காடு மிகுதியாக இருந்தது. பெண் பிள்ளைகளில் அது 70 விழுக்காடு மிகுதி. வகுப்பிலேயே இளைய பிள்ளையின் வயதுக்குரிய விளையாட்டுத்தனம் நோயாகத் தோன்றிவிட்டது! நம் ஊரில் பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டி எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அப்படிச் செய்திருந்தால் மருத்துவரிடமாவது உண்மையான பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.

வீட்டுத் துயரமும் பிள்ளையை இப்படி ஆட்டிவைக்கும். அத்தா சவூதியிலோ துபாயிலோ இருக்க, அம்மாவின் முகவாட்டத்தை மட்டும் நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டில் மரணம், சண்டை, கடன், தலாக் என்று ஏதேனும் நேர்ந்த பிறகே மாற்றம் தொடங்கியதா என்று மருத்துவர் கேட்பார். குடும்ப ரகசியம் என்று மறைத்தால் தீர்ப்பு தவறிவிடும்.

சத்தமில்லாத பெண் பிள்ளை

மேற்சொன்ன கோவை ஆய்வில் குறைபாடு கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளிடம் துறுதுறுப்பு குறைந்தும் கவனச்சிதறல் மிகுந்தும் காணப்படுவது வழக்கம். அவள் யார் தலையிலும் அடிப்பதில்லை, ஓடுவதில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நோட்டைத் தொலைக்கிறாள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கிறாள். 'சோம்பேறி' என்றும், 'புகுந்த வீட்டில் என்ன செய்யப் போகிறாளோ' என்றும் ஏச்சு வாங்கி வளர்கிறாள். தொந்தரவு செய்யாததாலேயே அவளுக்காகச் சாட்சி சொல்ல யாரும் முன்வருவதில்லை. பெண் மக்களை நல்ல முறையில் வளர்ப்பதற்குப் பெரும் நன்மை வாக்களிக்கப்பட்ட சமுதாயம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எப்படி?

இப்போது, வாய் திறவாமல் அமர்ந்திருந்த அத்தாவிடம் வருவோம். இக்குறைபாட்டில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது. பிள்ளையை அழைத்துச் சென்ற மருத்துவமனையில் தந்தையோ தாயோ தம்மையே அடையாளம் கண்டுகொள்வது அடிக்கடி நடக்கும் ஒன்று. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. வயது ஏற ஏற ஓட்டமும் துள்ளலும் அடங்கி, உள்ளத்தில் ஓர் அமைதியின்மையாக மாறிவிடும். தவணையை மறத்தல், வேலையை அடிக்கடி மாற்றுதல், யோசியாமல் கடன் வாங்குதல், ஜும்ஆ பிரசங்கத்தில் ஐந்து நிமிடம்கூட மனம் நிற்காமை என்று அது வேறு வேடம் பூணும்.

பெரியவர்களை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவான 18 கேள்விகள் கொண்ட தன்மதிப்பீட்டுத் தாள் ஒன்று உண்டு. அதில் முதல் 6 கேள்விகள் சல்லடையாகப் பயன்படுகின்றன. சல்லடையில் தங்கியதெல்லாம் நோயன்று. மேலும் ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள். அடுத்து நடப்பது நீண்ட நேர்காணல். இன்று வேலையிலும் இல்லறத்திலும் என்ன இடர்ப்பாடு என்று கேட்பார்கள். பின்னர் மிக முக்கியமான கேள்வி வரும்: 12 வயதுக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?

இதற்கு நம் நினைவை மட்டும் நம்ப முடியாது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972, 73ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 38 வயதில் இக்குறைபாட்டின் அறிகுறிகள் காணப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குழந்தைப் பருவத்தில் அது கண்டறியப்படவில்லை என்று 2015இல் வெளியான அவர்களது ஆய்வு கூறியது. அதன் பொருள் பற்றி அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நமக்கு அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்றைய கவனச்சிதறல் ஒவ்வொன்றும் பிறவியிலிருந்து வந்ததாக இராது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தைராய்டு, போதைப் பழக்கம், இரவு பகல் மாறும் வேலை எல்லாம் இதே முகமூடியை அணிந்து வரும். ஆகையால் அங்கேயும் சாட்சிகள் தேவை. உயிரோடிருக்கும் தாயார், மூத்த சகோதரர், பழைய மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய ஒரு வரி ஆகியவை இளமைக்குச் சாட்சி. இன்றைய நிலைக்கு மனைவி அல்லது கணவர் சாட்சி. குற்றப் பட்டியல் வாசிப்பதற்காக இல்லத்துணையை அழைக்கவில்லை என்பதை இருவரும் உணர்ந்திருந்தால், அந்த ஒரு மணி நேரமே பல ஆண்டுச் சண்டைக்கு விளக்கமாக அமைந்துவிடுவதும் உண்டு.

எங்கே போவது? எதைக் கொண்டு போவது?

நல்லூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அத்திட்டத்தில் கவனிக்க வேண்டியவையாகக் குறிக்கப்பட்ட 30 நிலைகளில் இக்குறைபாடும் ஒன்று. ஐயம் எழுந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியன நமக்கு எட்டும் தொலைவில் இருப்பவை. யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் இந்த மனநல உதவித் தொடர்பில் தமிழிலும் பேசலாம்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவை போதும். 'மோசமாக நடந்தான்' என்று எழுதாதீர்கள். 'பத்து நிமிட வீட்டுப் பாடத்தில் ஆறு முறை எழுந்தான்' என்று எழுதுங்கள். ஆசிரியரிடமும் ஹஜ்ரத்திடமும் கடிதம் வாங்குங்கள். மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று, முன்பு பார்த்த மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் வையுங்கள். பிரசவம் எப்படி ஆனது, பிறந்தவுடன் அழுததா, எப்போது நடந்தது, எப்போது பேசியது, வலிப்பு வந்ததா என்பவற்றைப் பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணூறு என்று சொன்ன அதே பாட்டிதான் இங்கே மிகச் சிறந்த சாட்சி! ஒரே சந்திப்பில் முடிவு வராவிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். பொறுமையாக விசாரிப்பவரே நல்ல நீதிபதி. மாறாக, ஐந்து நிமிடத்தில் மருந்துச் சீட்டு எழுதித் தருபவரிடம், எதை வைத்து இம்முடிவுக்கு வந்தீர்கள் என்று பணிவோடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தீர்ப்புக்குப் பிறகு

குறைபாடு உண்டு என்று உறுதியானால் வானம் இடிந்துவிடுவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். பாடத்தைச் சிறு துண்டுகளாக்குதல், முன் வரிசையில் உட்கார வைத்தல், நல்லதைக் கண்டவுடன் பாராட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். வயது கூடியவர்களுக்கு மருத்துவர் மருந்தும் தரலாம். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து நம் நாட்டில் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவது. மருத்துவர் சீட்டின்றி வாங்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. ஐக்கிய அரபு அமீரகம் முதலிய வளைகுடா நாடுகளிலும் இது கட்டுப்பாட்டுக்குரியது. முன் அனுமதி பெறாமல் பெட்டியில் வைத்து விமானம் ஏறுவது பெரும் துன்பத்தில் கொண்டுவிடும். ரமலானில் மருந்து நேரத்தை நீங்களே மாற்றாமல் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 நிலைகளில் இக்குறைபாடு தனியே இடம்பெறவில்லை. ஆனால் கற்றல் குறைபாடு இடம்பெற்றுள்ளது. உங்கள் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்திருந்தால் அதற்கான சான்றைக் கேட்டுப் பெறுங்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. நம் மதரஸாக்கள் சட்டத்துக்காகக் காத்திராமல், மார்க்கம் கற்றுத்தந்த இரக்கத்தினாலேயே பிரம்பைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் நம் ஈமானின் பகுதி. அவற்றை யாரும் விடச் சொல்லவில்லை. அதே வேளை நோய்க்கு மருத்துவம் தேடும்படி பணித்தவர்களும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. அவர்கள் ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, பிள்ளையின் ஆசை தீரும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள் என்ற செய்தியை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். தொழுகை முடிந்ததும் தோழர்கள் காரணம் கேட்டார்கள். பிள்ளையை அவசரப்படுத்த மனம் வரவில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்தது.

அன்புப் பெற்றோரே! ஒரு துறுதுறுப்பான பிள்ளையின் மீது தீர்ப்புச் சொல்ல நாமும் அவசரப்பட வேண்டாம். சேட்டை என்றோ, கண்ணூறு என்றோ, ஏ.டி.எச்.டி. என்றோ பெயர் வைப்பதற்கு முன், நோட்டை எடுத்து முதல் வரியை எழுதுங்கள். பள்ளி ஆசிரியையும் ஹஜ்ரத்தும் பாட்டியும் சொல்வதைக் கேளுங்கள். நல்லூர் வீட்டு அத்தாவைப் போல் வாய் திறவாமல் இருப்பவரும், "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று சொல்லட்டும். மகன் தன்னந்தனியே இல்லை என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

அமானிதமாக நமக்குத் தரப்பட்ட பிள்ளைகளின் விஷயத்தில் நீதியோடு நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.